கணக்கெழுதுவோரும் கணக்குச் சொல்வோரும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



பொருளாளர் அவர்கள் சற்று முன்னர் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். வழக்கம் போலவே தேநீர்ச் செலவைக் குறித்துத்தான் கேள்விகள் அதிகம் எழுந்தன. அது நல்லதே. பொதுப் பணத்தின் ஒவ்வொரு ரூபாயையும் இத்தனை கண்கள் பார்க்கின்றன. ஆனால் கேள்வி கேட்ட அதே சகோதரர்களிடம், "உங்கள் கடைக்கு இந்த ஆண்டு தாக்கல் செய்த வரிக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நாம் திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்ற விடைதான் வரும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே.

நாம் மதரஸாவில் ஓதியவர்கள். பாகப்பிரிவினையில் எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் பிரிக்கத் தெரியும்; ஜி.எஸ்.டி. சட்டம் ஓதியதில்லை. ஆகவே இங்கே கூறப்போகும் சட்டச் செய்திகளைத் தேனியிலும் மதுரையிலும் அத்துறையில் உள்ளவர்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே வந்திருக்கிறோம். ஓர் இமாமுக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் மீதும் ஒரு பிழை உண்டு என்பதால்தான் வந்தோம்.

நமது பள்ளத்தாக்கில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு பெரியவர் இருந்தார். போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் ஏலத்தில் சரக்கு எடுத்து வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்புபவர். கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நோயுற்று, மதுரை மருத்துவமனையில் பல வாரங்கள் இருந்து, 2024 இன் தொடக்கத்தில் இறந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் வழக்கப்படி நாமே அறிவிப்புச் செய்தோம்: மறைந்தவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் வாரிசுகளை அணுகலாம் என்றோம். இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் பிள்ளைகள் உடனே கொடுத்தார்கள். பின்னர் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும், மீதியில் ஆண்மக்களுக்கு இரண்டு பங்கு, பெண்மக்களுக்கு ஒரு பங்கு வீதமும் நாமே கணக்கிட்டுக் கொடுத்தோம். எவருக்கும் மனக்குறை இல்லை. நல்ல காரியம் ஒன்று முறையாக முடிந்தது என்று வீடு திரும்பினோம்.

சில மாதங்களுக்குப் பின் பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழோடு வங்கிக்குச் சென்றபோதுதான், தகப்பனாரின் கணக்கு ஜி.எஸ்.டி. பாக்கிக்காக முடக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 2017-18 ஆம் ஆண்டுக்கான உள்ளீட்டு வரி வரவில் வேறுபாடு இருப்பதாக 2023 செப்டம்பரிலேயே அறிவிப்பு வந்திருக்கிறது. அதற்கு மறுமொழி இல்லாததால் டிசம்பர் இறுதி வாரத்தில் வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்த்து உத்தரவு போடப்பட்டிருக்கிறது. அனைத்தும் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஏற்றப்பட்டவை. அந்த இணையதளத்தில் பெரியவரின் பெயருக்கு நேரே பதிவாகியிருந்த செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை அல்ல; கணக்கெழுதிக் கொடுத்தவருடையவை. அவரோ இடையில் தொழிலையே விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பெரியவர் மருத்துவமனையில் படுத்திருக்க, அவர் பெயருக்கு வந்த கடிதம் எவரும் திறக்காத பெட்டியில் கிடந்தது.

இது அந்தக் குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. 2024 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் இதே வகையான வழக்குகள் ஏராளமாக வந்தன. அறிவிப்பு இணையதளத்தில் மட்டும் ஏற்றப்பட்டது, எங்கள் கணக்கர் பார்க்கவில்லை, எங்களுக்குத் தெரியாது என்பதுதான் பெரும்பாலும் வியாபாரிகளின் வாதம். பல வழக்குகளில் நீதிமன்றம் இரக்கம் காட்டி, கோரப்பட்ட வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, உத்தரவை நீக்கி, மீண்டும் விசாரிக்கும்படி அதிகாரிக்கே திருப்பி அனுப்பியது. அந்தப் பகுதி பலருக்கு 10 சதவீதம், சிலருக்கு 25 சதவீதம். நாம் சொன்ன குடும்பத்திற்கும் அவ்வாறே கிடைத்தது.

அதற்கு முன்னால் அவர்கள் அலைந்த அலைச்சலைச் சொல்லாமல் விட இயலவில்லை. ஜி.எஸ்.டி. உத்தரவுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய மூன்று மாதம் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரியாலும் ஒன்றும் செய்ய இயலாது. அவர்களுக்கு விஷயம் தெரிந்தபோதே அந்தக் கெடு கடந்துவிட்டது. உள்ளூர்க் கணக்கரிடம் போனார்கள். ஆடிட்டரைப் பாருங்கள் என்றார். ஆடிட்டரிடம் போனார்கள், இது உயர் நீதிமன்றத்திற்குப் போக வேண்டியது, வழக்கறிஞர்தான் அங்கே வாதாட முடியும் என்றார். யாரிடம் எதற்குப் போவது என்பதை அறியவே ஆறு வாரம் ஆயிற்று.

மறு விசாரணையில் பழைய பில்களைத் தேடி எடுத்தார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளுக்கு மட்டும் 2022 டிசம்பரில் மத்திய வரி வாரியம் ஒரு வழி ஏற்படுத்தியிருந்தது. விற்றவர் கணக்கில் காட்டத் தவறியிருந்தாலும் வரியைச் செலுத்தியிருந்தால் அதற்கான சான்றை அவரிடமிருந்து பெற்றுக் கொடுக்கலாம். ஒரு விற்பனையாளரிடம் வேறுபாடு ஓராண்டில் 5 இலட்சத்திற்கு மேற்பட்டால் அந்தச் சான்று ஆடிட்டரிடமிருந்து வர வேண்டும். அவ்வாறு பெரும்பகுதி தீர்ந்தது. ஆனால் பெரியவருக்குச் சரக்கு கொடுத்த ஒருவர் பில் போட்டாரே தவிர வரியை அரசுக்குச் செலுத்தவே இல்லை. விற்றவர் செலுத்தாத வரியை வாங்கியவர் வரவு வைக்க இயலாது என்பது சட்டம். அந்தத் தொகை உண்மையான கடனாகவே நின்றது. 2025 மார்ச் 31க்குள் வரியைக் கட்டினால் அந்த ஆண்டுகளுக்குரிய வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்ற சலுகை அப்போது இருந்ததால், அசலோடு முடிந்தது.

அசல் எங்கிருந்து வந்தது? பங்கு பிரித்த சொத்திலிருந்து. கடனை அடைத்த பின்னர்தான் வாரிசுப் பங்கு என்பது நாம் ஓதிய முதல் பாடம். நாமோ கடன் அடையும் முன்னரே பிரித்துக் கொடுத்திருந்தோம். ஒவ்வொருவரும் பங்கின் அளவுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இளைய மகள் தன் பங்கை வீடு கட்டுவதில் போட்டுவிட்டிருந்தார். வளையலை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். எம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்கடன் உண்டா என்று கேட்டோமே, அரசுக்குப் பாக்கி உண்டா என்று கேட்டோமா? அன்று முதல் எந்தப் பாகப்பிரிவினைக்கு அழைத்தாலும், வருமான வரி, ஜி.எஸ்.டி. இரண்டின் இணையதளப் பக்கத்தையும் எவரேனும் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறோம்.

சகோதரர்களே! திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: இரண்டாம் அத்தியாயத்தின் 282 ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுதத் தெரிந்த ஒருவர் எழுத வேண்டும், அதுவும் நியாயமாக எழுத வேண்டும். ஆனால் எழுதுவதற்கான வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் எழுத்தர் அல்லர், கடன்பட்டவர். அவரே குறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்ல இயலாத பலவீனருக்கு மட்டுமே அவருடைய பொறுப்பாளர் சொல்லலாம். எழுத்தருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்றும் அதே வசனத்தில் வருகிறது.

நம் நாட்டு வரிச் சட்டமும் இதில் வேறுபடவில்லை. வருமான வரிக் கணக்கின் இறுதியில், இதில் உள்ளவை உண்மை என்று உறுதிமொழி அளிப்பவர் ஆடிட்டர் அல்லர், நாம். உங்கள் செல்பேசிக்கு ஓ.டி.பி. வருகிறதே, அதைச் சொல்வதுதான் கையெழுத்து. கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் தொலைபேசியில் கேட்டதும் ஆறு எண்ணை வாசித்துவிடுகிறோம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை.

எழுத்தருக்குத் தீங்கு செய்தல் என்றால் என்ன? கூலியை இழுத்தடிப்பது ஒன்று. கணக்கு முடிக்கும் கடைசி நாளுக்கு முந்தின இரவு துண்டுச் சீட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு போய்க் கொட்டுவது மற்றொன்று. எல்லாவற்றிலும் கொடியது, வரிக்கு இலாபம் குறைவாக ஒரு கணக்கும், வங்கிக் கடனுக்கு இலாபம் கூடுதலாக ஒரு கணக்கும் தயாரித்துத் தரும்படி அவரை நெருக்குவது. ரமலானில் ஜகாத்துக்காக எடுக்கும் சரக்குக் கணக்கு மூன்றாவது. மூன்றில் எது உண்மை என்று கேட்டால், ஜகாத்துக் கணக்குதான் என்று ஒரு சகோதரர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஜகாத்தைக் கொடுத்ததால் வரி கழிந்துவிடாது. வரியைக் கட்டியதால் ஜகாத்தும் கழிந்துவிடாது.

இனி, யாரைத் தேர்வது என்பது. நம் ஊர்ப் பேச்சில் வரிக் கணக்குப் பார்க்கும் எல்லோரும் ஆடிட்டர்தான். சட்டத்தில் அப்படி இல்லை. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய, பதிவு பெற்ற ஜி.எஸ்.டி. ஆலோசகர் போதும். வியாபாரத்தின் ஆண்டு விற்பனை 1 கோடியைத் தாண்டினால் பொதுவாகப் பட்டயக் கணக்காளரின் தணிக்கை வேண்டும். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் 5 சதவீதத்திற்கு மிகாதவர்களுக்கு அந்த வரம்பு 10 கோடி. குறைந்த விற்பனை உள்ளவர்களுக்கு அனுமான இலாபத்தைக் காட்டும் எளிய வழியும் உண்டு. அறிவிப்பு வந்து அதிகாரியின் முன் விளக்கம் சொல்ல ஆடிட்டரும் போகலாம், வழக்கறிஞரும் போகலாம். உயர் நீதிமன்றம் என்றால் வழக்கறிஞர் மட்டுமே. எல்லோருக்கும் வரி வழக்கறிஞர் தேவை என்று நாம் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் பெரிய தொகைக்கு அறிவிப்பு வந்தாலோ, சோதனை நடந்தாலோ, ஒரு பங்காளி விலகித் தகராறு ஏற்பட்டாலோ, முதல் மறுமொழியை எழுதும் முன்னரே வரி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரின் யோசனையைக் கேட்டுக்கொள்வது நல்லது. வழக்கறிஞரிடம் சட்ட யோசனைக்காகச் சொன்னவற்றை, செய்யப்போகும் குற்றத்திற்கான யோசனையாக இல்லாத வரையில், அவர் வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டமே காவல் தந்திருக்கிறது.

நல்லவரை எப்படி அறிவது என்றால், பட்டயக் கணக்காளர் தரும் ஒவ்வொரு சான்றிலும் 2019 முதல் 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும்; அவர்களுடைய நிறுவனத்தின் இணையதளத்தில் எவரும் அதைச் சரிபார்க்கலாம். இரண்டாவது, கட்டணத்தைக் கேளுங்கள். திரும்ப வரும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். முடிவைப் பொறுத்துச் சதவீதக் கட்டணம் வாங்குவது ஆடிட்டருக்கும் பொதுவாகத் தடை, வழக்கறிஞருக்கும் தடை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் சுமார் 150 இடங்களில் சோதனையிட்டது. பொய்யான கழிவுகளைக் காட்டிச் சம்பளக்காரர்களுக்குப் பணம் திரும்பப் பெற்றுத் தந்து கமிஷன் வாங்கிய இடைத்தரகர்களைத் தேடியே அந்தச் சோதனை. துறை பெயர் குறித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் தாமாகவே திரும்பப் பெற்றிருந்ததாகத் துறை அறிவித்தது. தரகருக்குச் சென்றது கமிஷன். அறிவிப்பு வந்தது சம்பளக்காரருக்கு. நம் பள்ளிவாசலுக்குக் கூட ஒரு தம்பி வந்து, கொடுத்த தொகைக்கு மேல் ஒரு பூஜ்யம் சேர்த்து நன்கொடை ரசீது கேட்டார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நமது ரசீதுக்கு அந்த வரிவிலக்கே கிடையாது என்பதைக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பலருக்கு மலையில் ஏலத்தோட்டமும் உண்டு, கீழே வியாபாரமும் உண்டு. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ தாமே பயிர் செய்து விற்கும் வருமானத்திற்கு மத்திய வருமான வரி இல்லை. ஏலக்காயைப் பறித்து உலர்த்தி விற்பதும் அதில் அடங்கும். ஆனால் ஏலத்தில் வாங்கி விற்கும் இலாபம் வியாபார இலாபம். அதற்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு, எல்லாம் விவசாயம் என்று எழுதச் சொல்வது நடக்கிறது. திராட்சைக் கொடியில் காய் நிற்கும்போதே தோட்டத்தை மொத்தமாகப் பேசி வாங்கி அறுத்து விற்பவரும் தம்மை விவசாயி என்றே எண்ணுகிறார். புகையிலைப் பயிரை நிலத்தில் நிற்கும்போதே வாங்கி அறுத்துப் பதப்படுத்தி விற்றவரின் இலாபம் விவசாய வருமானம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1951 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. விவசாய வருமானம் உண்மையாகவே உள்ளவர்களும் பட்டா, குத்தகைப் பத்திரம், எடைச் சீட்டு, ஏல பில் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வேறு வருமானமும் வரி வரம்புக்கு மேல் இருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்காக விவசாய வருமானத்தையும் காட்ட வேண்டும். குமுளிக்கு அப்பால் குடோன் வைத்து விற்பவர்களுக்குக் கேரளத்தில் தனி ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், கம்பத்துப் பதிவு அங்கே செல்லாது. இவற்றையெல்லாம் நீங்கள் சொன்னால்தான் எழுதுபவருக்குத் தெரியும்.

கைமாற்றும் அப்படியே. வட்டியில்லாமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அது தொடர வேண்டும். ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பெற்றவருக்கு அந்தத் தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க இடமுண்டு. இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரிக்குரிய வருமானம் இருவருக்கும் இல்லையானால் விலக்கு உண்டு. மற்றவர்கள் வங்கி வழியாகவே கொடுங்கள், வங்கி வழியாகவே திருப்புங்கள். எழுதியும் வையுங்கள். 282 ஆம் வசனம் உங்களுக்கு அதையும் சேர்த்தே சொல்கிறது.

வரி வராது, பிறகு கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. புதிய முறையில் 12 இலட்சம் வரை வரி இல்லை என்பது தள்ளுபடியால் வருவது. வருமானம் 4 இலட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று 2025 இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய எண்ணைச் சொல்லிப் பழைய பழக்கத்தில் எழுதுபவரிடம், இது புதிய சட்டத்தில் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்; அவர் படித்தவரா என்பது விளங்கிவிடும்.

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கணவரோ மகனோ உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருந்தால், சட்டத்தின் பார்வையில் கடை உங்களுடையது, பாக்கியும் உங்களுடையது. என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. இளைஞர்களுக்கும் அதுவே: மாதம் ஏதோ ஒரு தொகை தருகிறேன் என்று உங்கள் பான் அட்டையையும் ஆதாரையும் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். கூலி வேலை செய்பவரின் பெயரில் போலி நிறுவனம் தொடங்கி, கோடிக் கணக்கில் வரிப் பாக்கி என்று அவருக்கே அறிவிப்பு வந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்துள்ளன.

நிர்வாகக் குழுவோடு பேசியதில் ஓர் ஏற்பாடு முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாக் கூடத்தில், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த, வரிக் கணக்கு பயின்ற இரண்டு இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். கணக்கு எழுதித் தரமாட்டார்கள். அது உங்கள் ஆடிட்டரின் வேலை. உங்கள் பெயரில் பதிவாகியுள்ள செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை, படிக்காமல் கிடக்கும் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று மட்டும் பார்த்துச் சொல்வார்கள். வருபவர்கள் பான் அட்டையையும், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றையும், தங்கள் செல்பேசியையும் கொண்டு வரவும். கடவுச்சொல்லை அவர்களிடமும் சொல்ல வேண்டாம். நீங்களே தட்டச்சு செய்யுங்கள். முதல் ஞாயிறன்று நாமும் அங்கே இருப்போம். அந்தப் பெரியவரின் மூத்த மகன் வந்திருந்து, தேவைப்படுவோருக்குத் தாம் அலைந்த வழியைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வஸ்ஸலாம்.